சர்க்கரை டாக்டர் ஏன் பல் டாக்டரிடம் அனுப்பினார்?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். சோழவந்தான் பக்கம் எங்களுக்குக் கொடிக்கால் இருக்கு. என் வீட்டுக்காரருக்கு வயசு 54. ஒன்பது வருசமா சர்க்கரை. மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் போடுறார். ஆனா மூணு மாசச் சர்க்கரை 9.1-க்குக் கீழே இறங்க மாட்டேங்குது. ஈறுல ரத்தம் வருது, கேட்டா 'வெத்தலைச் சாறு'ங்கிறார். புகையிலை கிடையாது, பாக்கும் சுண்ணாம்பும்தான். கீழ்ப்பல்லு ரெண்டு ஆடுது. போன மாசம் சர்க்கரை டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துட்டு, 'முதல்ல பல் டாக்டரைப் பாருங்க, இன்சுலின் போடுறதைப் பத்தி அப்புறம் பேசுவோம்'னு சொல்லிட்டார். இவர் போக மாட்டேங்கிறார். 'பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? ஒருத்தருக்கொருத்தர் ஆள் பிடிச்சு விடுறாங்க'ங்கிறார். எங்க மாமனார் செங்கல் பொடியில பல் தேய்ச்சே 80 வயசு வரைக்கும் முறுக்குக் கடிச்சவர், அதையும் எடுத்துச் சொல்றார். பக்கத்து வீட்டு அக்கா, கிளீன் பண்ணினா இருக்கிற பல்லும் ஆடிப்போகும்ங்குது. பேசாம எல்லாப் பல்லையும் எடுத்துட்டு பல்செட் கட்டிட்டா தொல்லை விட்டுச்சா? இவர் தம்பிக்குப் போன வருசம் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாங்க. ஈறு கெட்டா ஹார்ட்டும் கெடும்னு யாரோ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மகளுக்கு அஞ்சாம் மாசம், அவளுக்கும் பல் விளக்கும்போது ரத்தம் வருது. கடைசியா ஒண்ணு. அவர் வாய் நாறுது. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முகத்தைத் திருப்பிக்கிறேன். அவர் அதை வேற மாதிரி எடுத்துக்கிறார்.

— சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அம்மா, உங்கள் வீட்டுக்காரரின் சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். அது நியாயமான சந்தேகம். ஆள் பிடித்து விடுகிற வேலை மருத்துவத்தில் கிடையவே கிடையாது என்று நான் எழுதினால் என்னோடு படித்தவர்களே சிரிப்பார்கள். ஆனால் உங்கள் சர்க்கரை டாக்டர் ஒரு காரியம் செய்திருக்கிறார், கவனித்தீர்களா? வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். சர்க்கரைக்காரர்களின் காலைப் பார்ப்பார்கள், கண்ணுக்கு அனுப்புவார்கள், சிறுநீர்ப் பரிசோதனை எழுதுவார்கள். வாயைப் பார்க்கிறவர்கள் குறைவு. அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டுவிடுகிற அந்தத் தவறை மறுபக்கத்திலிருந்து செய்தவன் நான். தொழிலுக்கு வந்த புதிது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஆடுகிற பல் இரண்டைக் காட்டி எடுத்துவிடச் சொன்னார். விரலால் தள்ளினாலே வந்துவிடும் போலிருந்தது. எடுத்தேன், பஞ்சு வைத்தேன், மாத்திரை எழுதி அனுப்பினேன். பத்தாம் நாள் தாடை வீங்கி, துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். பல் இருந்த குழி ஆறவே இல்லை. அப்புறம்தான் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். சர்க்கரை 380. தனக்குச் சர்க்கரை இருப்பது அவருக்கே அன்றுவரை தெரியாது. கேட்டிருக்க வேண்டியவன் நான். அன்றிலிருந்து, நாற்பது தாண்டிய யார் 'பல் ஆடுது' என்று வந்தாலும், கையுறை மாட்டும் முன்பே சர்க்கரை பார்த்தீர்களா என்று கேட்டுவிடுகிறேன்.

சரி, சம்பந்தம் என்ன?

உங்களுக்குக் கொடிக்கால் இருப்பதால் எனக்கு வேலை சுலபம். வெற்றிலைக் கொடிக்கு வாடல் நோய் எப்படி வருகிறது? மேலே இலை பச்சையாகத்தான் இருக்கும். அகத்தியைப் பற்றிக்கொண்டு கொடியும் நிற்கும். மண்ணுக்குள்ளே அடித்தண்டு அழுகிக்கொண்டிருக்கும். இலை துவண்டு தொங்கும்போது பார்த்தால் அந்தக் கொடி போன கொடிதான். ஈறு நோயும் அப்படித்தான் அடியில் வேலை பார்க்கும். பல் வெள்ளையாக இருக்கும், சொத்தை ஒன்று இருக்காது, வலியும் இருக்காது. பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிற எலும்பு மட்டும் கரைந்துகொண்டே போகும். வலி இல்லாததுதான் இதில் பெரிய கெடுதல். சொத்தைப் பல் ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பி உட்கார வைத்துவிடும், மறுநாள் காலையில் ஆள் என் வாசலில் நிற்பார். ஈறு நோய்க்காரர் பத்து வருடம் கழித்துத்தான் வருவார்.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் தினமும் ஒரு பிசுபிசுப்பு படியும். அது முழுக்கக் கிருமிகள். தேய்த்து எடுக்காவிட்டால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி, சில நாட்களிலேயே கல்லாக இறுகத் தொடங்கும். அதைத்தான் காரை என்கிறோம். காரை வந்துவிட்டால் எந்தப் பிரஷ்ஷுக்கும் மசியாது. அதன் சொரசொரப்பில் இன்னும் கிருமி சேரும். ஈறு சிவந்து, வீங்கி, பல்லைவிட்டு விலகி ஒரு பை மாதிரி ஆகிவிடும். பைக்குள்ளே காற்று எட்டாது, பிரஷ் எட்டாது. காற்றில்லாத இடத்தில் வாழ்கிற கிருமிகளுக்கு அதைவிட நல்ல குடித்தனம் கிடையாது.

அந்தப் பையை அளக்க எங்களிடம் ஒரு கருவி உண்டு. துணி தைக்கும் ஊசியைவிடக் கொஞ்சம் பருமன், முனை மழுங்கியிருக்கும், மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கினால் நல்ல ஈறு 1, 2, மிஞ்சினால் 3-இல் நிறுத்திவிடும். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல உதவிக்கு நிற்கிற பெண் எழுதிக்கொண்டே வருவாள். போன வாரம் ஒருவருக்கு அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் கடைவாயில் '3, 3, 4' என்று வந்தது, கீழ் முன்பல்லுக்கு வந்தபோது '6, 7, 6'. கருவியை வெளியே எடுத்த இடத்தில் கடுகளவு ரத்தம் துளிர்த்து, பல்லின் ஓரமாகவே கோடு இழுத்துக்கொண்டு இறங்கியது. 'வலிச்சுதா?' என்றேன். 'இல்லையே' என்றார். கூட வந்த அவர் மனைவிதான் முகத்தைச் சுளித்தார்.

ஏழு மில்லிமீட்டர் என்பது சின்ன எண்தான். ஆனால் ஒரு பல்லைச் சுற்றிலும், அப்படி இருபது பல்லைச் சுற்றிலும் அந்தப் பையின் உட்புறம் முழுவதையும் விரித்துப் பரப்பினால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஈறு நோய் முற்றியவருக்கு 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர். தீப்பெட்டியின் மேல்முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ அந்த அளவுக்குத் தோல் உரிந்த புண். உங்கள் வீட்டுக்காரரின் முழங்கையில் அந்த அளவுக்குப் புண் ஒன்று வருடக்கணக்கில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் 'வெத்தலைச் சாறு' என்று விட்டிருப்பாரா? வாய்க்குள் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

உடம்பு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் புண்ணோடு மல்லுக்கட்ட ரத்தத்தில் சில ரசாயனங்களை இறக்கிக்கொண்டே இருக்கும். அழற்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அந்த ரசாயனங்கள் வாயோடு நிற்பதில்லை, ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றி இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். வைகையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், மடையும் திறந்திருக்கிறது, ஆனால் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது என்றால் வயலுக்குத் தண்ணீர் போகுமா? அப்படித்தான் மாத்திரையால் சுரந்த இன்சுலினும் பாதி வழியில் நின்றுபோகும். இது ஒரு பக்கம். மறுபக்கம், ரத்தத்தில் சர்க்கரை கூடினால் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் மந்தமாகும், புண் ஆறும் வேகம் குறையும், ஈறு இன்னும் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைக்காரருக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடச் சுமார் மூன்று மடங்கு.

நார்வேயில் பிறந்த ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவர், 1993-இல் எழுதிய கட்டுரையில் ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது பின்விளைவு என்றே வகைப்படுத்தினார். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய், ஆறாத புண் என்ற வரிசையில் ஆறாவதாக ஈறு. உங்கள் மாமனார் விஷயத்துக்கு வரும்போது அதே மனிதரைத் திரும்பச் சந்திப்போம்.

இப்போது நீங்கள் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு. ஈறை வைத்தியம் பண்ணினால் சர்க்கரை எவ்வளவு இறங்கும்? 2022-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழு 35 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. ஆழமாகச் சுத்தம் செய்து மூன்று நான்கு மாதம் கழித்து, எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரை சராசரியாக 0.43 குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் 0.30. அதாவது உங்கள் வீட்டுக்காரரின் 9.1, பல் வைத்தியத்தால் மட்டும் 8.7 பக்கம் வரலாம். 7-க்கு வராது. 'ஈறைச் சரி பண்ணினால் சர்க்கரை மாத்திரையையே நிறுத்திவிடலாம்' என்று யாராவது சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஆனால் இந்த 0.4 சின்ன விஷயமும் அல்ல. மாத்திரைக்கு மேல் இன்னொரு மாத்திரை சேர்த்தாலும் சில சமயம் இவ்வளவுதான் இறங்கும். ஊசியா வேண்டாமா என்ற கோட்டில் நிற்கிறவருக்கு, அதை முடிவு செய்யும் முன் இதைப் பார்த்துவிடலாம் என்று உங்கள் டாக்டர் நினைத்தது சரியான கணக்கு. சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுங்கள். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள், அதற்கு முன் எடுத்தால் முழு மாற்றம் தெரியாது. அதுவரை மாத்திரையில் ஒன்றைக்கூட நீங்களாகக் குறைக்க வேண்டாம். பார்த்தபிறகும் அந்த டாக்டர் ஊசிதான் வேண்டும் என்றால் அதையும் தள்ளிப் போடாதீர்கள்.

மாமனார் கதை. இதைச் சொல்லாத நோயாளி எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. ஒரு மாமனாராவது, ஒரு தாத்தாவாவது 80 வயதில் முறுக்குக் கடித்திருப்பார். 'ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி' என்று பழமொழியும் கூடவே வரும். (அந்த வேல், கருவேலம். வேம்பு என்று நினைத்துக்கொண்டு வேப்பங்குச்சியைக் காட்டுகிறவர்களே அதிகம்.) உங்கள் மாமனார் பொய் சொல்லவில்லை. அவர் அதிர்ஷ்டசாலி. அந்த அதிர்ஷ்டம் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது, அதுவும் நம் ஜனங்களிடமிருந்தே எடுத்த கணக்கு. நான் சொன்ன அதே லோவும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1970-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். எல்லோரும் ஆண்கள், 14-இலிருந்து 31 வயதுக்குள். பிரஷ் இல்லை, பல் டாக்டர் இல்லை. எல்லார் பல்லிலும் காரை. ஆச்சரியம், சொத்தை மட்டும் கிட்டத்தட்ட யாருக்கும் இல்லை. பதினைந்து வருடம் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். 100-க்கு 11 பேருக்கு ஈறு நோய் மேலே போகவே இல்லை. அவர்கள்தான் உங்கள் மாமனார். 81 பேருக்கு நிதானமாகப் போனது. 8 பேருக்கு வேகமாகப் போய், 35 வயதிலேயே பல்லைப் பிடித்திருக்கும் இணைப்பு சராசரியாக 9 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. ஒரே தோட்டம், ஒரே சாப்பாடு, ஒரே அழுக்கு. உடம்புவாகுதான் வேறு. அப்பாவின் பல் மகனுக்கு வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

செங்கல் பொடி, உமிக்கரி, சாம்பல் எல்லாம் பல்லைத் தேய்க்கும் என்பதில் சந்தேகமில்லை. நன்றாகவே தேய்க்கும், பல்லின் கழுத்துப் பக்கம் பள்ளம் விழும் அளவுக்கு.

அடுத்தது, பக்கத்து வீட்டு அக்கா. அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் அந்தப் பயம் ஊரைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. கரைந்துபோன எலும்புக்குப் பதிலாகக் காரை சிமென்ட் மாதிரி பல்லோடு பல்லை ஒட்டி நிற்கும். அதை எடுத்ததும் பல் லேசாக ஆடுவது தெரியும். வீங்கிய ஈறு வற்றியதும் பல்லுக்கு நடுவே சந்து தெரியும், கொஞ்ச நாளைக்குத் தண்ணீர் பட்டால் கூசும். ஆட்டம் ஏற்கெனவே இருந்தது, காரை மறைத்து வைத்திருந்தது. கண்மாயில் தூர் வாரினால் கரை உடைந்துவிடும் என்று யாரும் தூர் வாராமல் இருக்கிறோமா? ஸ்கேலிங் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு அதிர்கிற கருவி, பல்லைச் சுரண்டி எடுக்காது. பை ஆழமான இடங்களில் மரத்துப்போக ஊசி போட்டு, கைக் கருவியால் வேரையும் சுத்தம் பண்ணுவோம். இரண்டிலிருந்து நான்கு தடவை வர வேண்டியிருக்கும். ஆறேழு வாரம் கழித்துத் திரும்ப அளந்தால் பல நேரம் 6 இருந்த இடம் 4 ஆகியிருக்கும், ஆடிய பல்லில் சிலது தானாகவே இறுகும். போன எலும்பு மட்டும் பெரும்பாலும் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்ள வேண்டும். ஒருதரம் சுத்தம் பண்ணி முடித்ததோடு விட்டால் ஒரு வருடத்தில் பழைய கதைதான்.

எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டால்? இதை ஒரு காலத்தில் பெரிய படிப்புப் படித்தவர்களே செய்தார்கள். 1910-இல் வில்லியம் ஹன்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் கனடாவின் மான்ட்ரியால் நகரில் பேசிய பேச்சு ஒன்று பரவி, வாயில் இருக்கும் சீழ்தான் மூட்டு வலியிலிருந்து எல்லாவற்றுக்கும் காரணம் என்ற நம்பிக்கை வேரூன்றியது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நல்ல பல்லையெல்லாம் கூடை கூடையாகப் பிடுங்கினார்கள். மூட்டு வலி போகவில்லை, பல்தான் போனது. அந்த அசிங்கத்துக்குப் பிறகு 'வாயும் உடம்பும்' என்று பேசவே மருத்துவர்கள் பல வருடம் கூச்சப்பட்டார்கள். இன்று நாங்கள் அடக்கி வாசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நடைமுறையும் இருக்கிறது. பல்செட் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் சொந்தப் பல்லின் கடிவலுவில் கால்வாசி கிடைத்தால் அதிகம். பல் போனவர் என்ன சாப்பிடுகிறார் என்று பாருங்கள். கறி போகும், கொய்யா போகும், சுண்டல், பச்சைக் காய் போகும். இட்லி, ரஸ்க், டீயில் தொட்ட பன், குழைந்த சாதம் வரும். சர்க்கரைக்காரருக்கு எதெல்லாம் குறைய வேண்டுமோ அதெல்லாம் கூடும். ஆடுகிற இரண்டு பல்லும் நிற்குமா போகுமா என்பதை எக்ஸ்ரே பார்த்தபின்தான் சொல்ல முடியும். போனால் அந்த இரண்டு போகட்டும்.

உங்களைத் தூங்கவிடாத விஷயம், ஹார்ட். ஈறு நோய் இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆனால் ஈறு நோயால்தான் மாரடைப்பு வருகிறதா என்பது வேறு கேள்வி. பீடி, சர்க்கரை, வயது என்று இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் ஏராளம். அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு, தொடர்பு இருக்கிறது, காரணம் என்று நிரூபணமாகவில்லை என்றே எழுதியது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தது. ஈறு நோய் முற்றிய 120 பேரில் ஒரு பாதிக்குத் தீவிரமாக வைத்தியம் பண்ணி, கையில் ஓடும் ரத்தக் குழாய் எவ்வளவு நன்றாக விரிகிறது என்று பார்த்தார்கள். வைத்தியம் பண்ணிய மறுநாள் நிலைமை மோசமாக இருந்தது, கிளறிவிட்ட புண் ஆயிற்றே. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வைத்தியம் பண்ணிக்கொண்டவர்களின் குழாய் மற்றவர்களுடையதைவிட நன்றாக விரிந்தது. இதை வைத்து மாரடைப்பு வராது என்று சொல்ல முடியாது. ரத்தக் குழாய்க்கு நல்லது என்று சொல்லலாம். மாரடைப்பைக் காட்டிப் பயமுறுத்தி ஸ்கேலிங் பண்ணச் சொல்வது எனக்குப் பிடிக்காத வியாபாரம். நீங்கள் தூங்குங்கள் அம்மா.

ஆனால் கொழுந்தனார் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி மாத்திரை போடுவார்கள். பல் டாக்டரிடம் போகிறோம் என்று அதை அவராக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. ஈறில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் வந்தால் பஞ்சு வைத்து அமுக்கி நிறுத்திக்கொள்ள எங்களுக்குத் தெரியும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் வேறு ரகம். ஈறைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆன்டிபயாடிக் போட வேண்டும், வந்து உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும்.

மகளுக்கு ஐந்தாம் மாதம் என்றால் பல் வைத்தியத்துக்கு நல்ல நேரம் இதுதான். நான்கிலிருந்து ஆறாம் மாதம் வரை படுத்து எழவும் சிரமம் இருக்காது. கர்ப்பத்தில் ஹார்மோன் கூடுவதால் கொஞ்சம் அழுக்கு இருந்தாலே ஈறு பொங்கும். 'மாசமா இருக்கும்போது ரத்தம் வரத்தான் செய்யும்' என்று பிரஷ் பிடிப்பதையே நிறுத்திவிடுகிற பெண்கள் நிறைய. நிறுத்தினால் இன்னும் கூடும். மசக்கையில் பேஸ்ட் வாடை குமட்டினால் வெறும் பிரஷ்ஷால் தேய்க்கட்டும். ஈறு நோய் இருந்தால் குறைமாதத்தில் பிறக்கும் என்று படித்துவிட்டு யாராவது பயமுறுத்துவார்கள். 2006-இல் 823 கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வில், ஈறுக்கு வைத்தியம் பண்ணியதால் குறைப்பிரசவம் குறையவில்லை. ஆனால் அந்த வைத்தியத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை. அவள் ஈறுக்காக அவள் வரட்டும்.

இனி வெற்றிலை. சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அதைக் குறை சொல்லி உங்கள் ஊருக்குள் நான் வர முடியுமா? இலையோடு எனக்குச் சண்டையே இல்லை. பாக்கோடுதான். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நார் நாராக இறுக்கி வாயைத் திறக்கவிடாமலும் ஆக்கும். அவரை மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி, முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் ஈறுக்கு முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும். வாய்க்குள் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தாலும் அப்படியே.

சாறா ரத்தமா என்ற வழக்கை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும், முதல் வெற்றிலை வாய்க்குப் போகும் முன், ஈரமான வெள்ளைத் துணியை விரலில் சுற்றி ஈறின் விளிம்பை அழுத்தித் துடைக்கச் சொல்லுங்கள். நீங்கள் துடைத்துவிட வேண்டாம், அவரே துடைத்து அவரே பார்க்கட்டும்.

ரத்த அழுத்த மாத்திரை ஏதாவது போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அம்லோடிபின் போடுகிற சிலருக்கு ஈறு தடித்துப் பல்லின்மேல் ஏறி வரும், அந்த மடிப்புக்குள் அழுக்கு தங்கும். அப்படி இருந்தால் மாற்று மாத்திரை உண்டா என்று எழுதிக் கொடுத்த டாக்டரைத்தான் கேட்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிற மாத்திரை என்றாலும் அட்டையைத் தூர எறியாமல் எடுத்து வாருங்கள். 'வெள்ளை மாத்திரை, சின்னதா இருக்கும்' என்றால் என்னால் கண்டுபிடிக்க முடியாது.

கடைசி வரிக்கு வருகிறேன். கடிதத்திலேயே எழுதச் சிரமமான வரி அதுதான் என்று தெரிகிறது. நாறுவது அவர் இல்லை, அந்தப் பைகள். காற்று எட்டாத இடத்தில் ரத்தத்தையும் செத்த திசுவையும் தின்கிற கிருமிகள் கந்தக வாயுவை விடுகின்றன, அழுகிய முட்டை வாடை அதிலிருந்து வருவது. வாயைக் கொப்பளிப்பதாலோ ஏலக்காய் மெல்லுவதாலோ அரை மணி நேரம் அமுங்கும், போகாது. பையைச் சுத்தம் பண்ணினால் போகும். அவர் மூக்கு பழகிவிட்டதால் அவருக்குத் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு மாதம் ஓட்டாதீர்கள். 'உங்க வாய் நாறுது' என்று சொல்ல வாய் வரவில்லை என்றால், 'கொடிக்கு வர்ற மாதிரி உங்க ஈறுக்கு வாடல் வந்திருக்குன்னு டாக்டர் எழுதியிருக்கார், அந்த வாடைதான் எனக்குத் தாங்கலை' என்று என் தலையில் போட்டுவிடுங்கள். கொடிக்கால்காரருக்குப் புரியும்.

செலவு பயமாக இருந்தால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். எங்கே போனாலும் காலையில் போங்கள். வெறும் வயிற்றோடு வேண்டாம். பல் வைத்தியம் என்று சாப்பிடாமல், ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியிலேயே மயங்கிச் சாய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு கிளம்புங்கள். அன்று ஒரு நாள் மட்டும், வாயைப் பார்த்து முடிக்கிறவரை வெற்றிலை வேண்டாம் என்று சொல்லுங்கள். எது சாறு, எது ரத்தம் என்று எங்களுக்கும் தெரிய வேண்டாமா?